கடலடிச் சேற்றின் நீரளவு 132 சதவீதம் என்று வருகிறது, இது சரியா?

படிவு_மாணவி:

எல்லோருக்கும் வணக்கம். முதுநிலை ஆய்வுக்காக ஒரு ஆழ்கடல் கோரில் (கடலடியில் குழாயை இறக்கி எடுத்த நீளமான சேற்று மாதிரி) வேலை செய்கிறேன். தன் எடையாலேயே சேற்றில் இறங்கும் கிராவிட்டி கோரரில் எடுத்தது, நீளம் ஏறக்குறைய 4 மீட்டர், எடுத்த இடத்தில் தண்ணீரின் ஆழம் 3000 மீட்டருக்குப் பக்கம். நீரளவு, ஈர அடர்த்தி, துளைமை (மொத்தப் பருமனில் துளைகளின் பங்கு), ஒலிவேகம், வெட்டு வலிமை (சறுக்காமல் தாங்கும் திறன்) எல்லாம் அளந்து ஒரு அட்டவணை தயாரிக்க வேண்டும். அளப்பதில் பெரிய சிக்கல் இல்லை, அளந்த எண்களுக்கு அர்த்தம் சொல்வதில்தான் தடுமாற்றம்.

முதல் சந்தேகம். மேல் பகுதியில் எடுத்த ஒரு மாதிரியின் ஈர எடை 20.00 கிராம், ஓவனில் காய்ந்த பிறகு 9.00 கிராம். ஆய்வகத்தில் உள்ள எக்செல் கோப்பில் போட்டால் நீரளவு 132 சதவீதம் என்கிறது. கையால் கணக்குப் போட்டால் எனக்கு 55 வருகிறது, கூடப் படிக்கும் தோழி 122 என்கிறாள். ஒரே மாதிரிக்கு மூன்று எண்கள். அதிலும் 100 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் என்றால் என்ன பொருள்?

இரண்டாவது, இது இன்னும் அடிப்படையான கேள்வி. 3 கிலோமீட்டர் தண்ணீர் மேலே நிற்கிறது, அதாவது கிட்டத்தட்ட 300 வளிமண்டல அழுத்தம். அப்படி இருந்தும் கோரின் மேல் பகுதியில் விரலை வைத்தால் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போகிறது. இவ்வளவு அழுத்தத்தில் இந்தச் சேறு ஏன் இறுகவில்லை?

மூன்றாவது, மேல் பகுதியின் ஒலிவேகம் வினாடிக்கு 1498 மீட்டர். அதே அறையில் கடல்நீருக்கு 1529 வந்தது. திடத்துகள்கள் இருக்கும் சேற்றில் வெறும் தண்ணீரைவிட ஒலி மெதுவாகப் போகுமா, இல்லை கருவியில் கோளாறா?

தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஈரமண்:

மூன்று எண்களுமே சரிதான் தோழி, எதை எதனால் வகுத்தீர்கள் என்பதுதான் வேறுபாடு.

ஓவனில் போனது 11 கிராம். அதை ஈர எடையான 20-ஆல் வகுத்தால் 55 சதவீதம், இது ஈர அடிப்படை. உலர் எடையான 9-ஆல் வகுத்தால் 122, இது உலர் அடிப்படை. மண் பொறியியலில் நீரளவு என்றாலே உலர் அடிப்படைதான், அதனால் 100-ஐத் தாண்டுவதில் எந்த விசித்திரமும் இல்லை. திடப்பொருளின் எடையைவிடத் தண்ணீரின் எடை அதிகம் என்று மட்டும்தான் அதற்குப் பொருள், ஆழ்கடல் களிமண்ணில் இது அன்றாடம் பார்ப்பது. கப்பல் அறிக்கைகளில் இரண்டையும் தனித்தனிப் பத்தியாகக் கொடுத்திருப்பார்கள். ஒன்றை மட்டும் கொடுத்து எது என்று சொல்லாமல் விட்ட பழைய அட்டவணைகளும் உண்டு, அவற்றை எடுத்தாளும்போது நிஜமாகவே கவனம் வேண்டும்.

அந்த 132 எங்கிருந்து வந்தது என்றால், உப்புத் திருத்தம். உங்கள் எக்செல் கோப்பை எழுதியவர் விவரம் தெரிந்தவர். ஓவனில் ஆவியாவது நன்னீர் மட்டுமே, துளைகளில் இருந்த கடல்நீரின் உப்பு அப்படியே தங்கி உலர் எடையில் சேர்ந்துவிடும். எனவே துளைநீரைக் குறைத்தும் திடப்பொருளைக் கூட்டியும் சொல்லிவிடுகிறோம், இரண்டும் விகிதத்தை ஒரே பக்கம் இழுக்கின்றன. கடல்நீரில் எடைக்கு 3.5 சதவீதம் உப்பு என்று வைத்துக்கொண்டால், 11 கிராமை 0.965-ஆல் வகுத்தால் 11.40 கிராம் துளைநீர். அதில் உப்பு 0.40 கிராம். அதை 9.00-இலிருந்து கழித்தால் உண்மையான திடப்பொருள் 8.60 கிராம். இப்போது 11.40-ஐ 8.60-ஆல் வகுத்துப் பாருங்கள், 132.5 வரும்.

122-க்கும் 132-க்கும் இடையே பத்துப் புள்ளி வித்தியாசம், இது அளவீட்டுப் பிழைக்குள் அடங்கிவிடும் சங்கதி இல்லை. ஆனால் துளைமைக்குப் போனால் இதே திருத்தம் அவ்வளவு பெரிதாகத் தெரியாது. துளைநீரின் அடர்த்தி 1.024, துகள் அடர்த்தி 2.70 என்று வைத்தால் தண்ணீரின் பருமன் 11.13 கன செ.மீ., திடப்பொருளின் பருமன் 3.19. துளைமை கிட்டத்தட்ட 78 சதவீதம், ஈர அடர்த்தி சுமார் 1.40. உப்பைக் கண்டுகொள்ளாமல் போட்டாலும் 77-க்குப் பக்கம் வந்துவிடும். நீரளவில் உதைக்கும் பிழை துளைமையில் ஒளிந்துகொள்ளும், அதனால் துளைமை பொருந்துகிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

துகள் அடர்த்தியைப் பிக்னோமீட்டரில் (துகள்களின் பருமனை அளக்கும் கருவி) அளக்கிறீர்கள் என்றால் அங்கேயும் உப்பு இருக்கிறது. காய்ந்த மாதிரியின் எடையிலிருந்தும் பருமனிலிருந்தும் உப்பைக் கழித்துவிட்டுத்தான் வகுக்க வேண்டும், உப்பின் அடர்த்தியை 2.20 என்று எடுப்பது வழக்கம்.

இரண்டாவது கேள்விக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால் கடலடி இயற்பியலில் பாதி புரிந்த மாதிரி. அந்த 300 வளிமண்டல அழுத்தம் சேற்றை நசுக்குவதில்லை. துளைகளில் உள்ள நீரும் மேலே நிற்கும் கடல்நீரும் ஒன்றோடொன்று தொடர்பில் உள்ளவை, அழுத்தம் துகளின் எல்லாப் பக்கமும் சமமாக இருக்கிறது. கிணற்றின் அடியில் கிடக்கும் நனைந்த பஞ்சை மேலே நிற்கும் தண்ணீர் பிழிந்துவிடுவதில்லை, பிழிய வேண்டுமானால் கை வேண்டும். இங்கே அந்தக் கை, மேலே படிந்திருக்கும் துகள்களின் எடை, அதுவும் மிதப்பு விசை போக மீதி உள்ள எடை மட்டும். மண் இயக்கவியல் அறிஞர் டெர்சாகி 1920-களில் சொன்ன பயனுறு அழுத்தம் இதுதான். உங்கள் கோருக்கே கணக்குப் போடலாம்: ஈர அடர்த்தி 1.40, கடல்நீர் 1.024, வித்தியாசம் 0.376. அதை 9.81-ஆலும் 4 மீட்டராலும் பெருக்கினால் கோரின் அடியில் ஏறக்குறைய 15 கிலோபாஸ்கல். தண்ணீரின் அழுத்தம் 30,000 கிலோபாஸ்கல். துகள்கள் உணர்வது அந்த 15-ஐ மட்டும்தான். விரல் உள்ளே போகாமல் என்ன செய்யும்?

கோர்_அறை:

மேலே உள்ள விளக்கத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் கணக்குக்கு வருவதற்கு முன்னாலேயே எண் கெட்டுப் போகும் இடங்கள் நிறைய இருக்கின்றன, அவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

கிராவிட்டி கோரர் சேற்றில் இறங்கும்போது குழாயின் உட்சுவரில் உரசல் ஏற்படுகிறது. அதனால் குழாய் 5 மீட்டர் இறங்கினால் உள்ளே 5 மீட்டர் சேறு ஏறும் என்று உறுதியில்லை, சில இளகிய அடுக்குகள் மெலிந்தோ விடுபட்டோ போயிருக்கும். பிஸ்டன் கோரரில் எதிர்ச் சிக்கல், பிஸ்டன் இழுப்பில் அடுக்குகள் நீண்டுவிடும். அதைவிட முக்கியம், கடலடியின் முதல் சில சென்டிமீட்டர். தண்ணீர் மிக அதிகமாக இருக்கும் பகுதி அதுதான், கிராவிட்டி கோரர் மோதும் வேகத்தில் பெரும்பாலும் அதுதான் முதலில் பறிபோகும். உங்கள் கோரின் பூச்சியம் சென்டிமீட்டர் உண்மையான கடலடியா என்பது ஒரு கேள்வி. அதே இடத்தில், மேற்பரப்பைக் குலைக்காமல் எடுக்கும் மல்டிகோரரோ பாக்ஸ் கோரரோ இறக்கியிருந்தால் அந்தக் குழாயின் மேல் பகுதி நீரளவை உங்களுடையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் சேற்றின் மேல் தெளிந்த தண்ணீரே நிற்கும், எல்லை கண்ணுக்குத் தெரியும்.

அப்புறம் சேமிப்பு. குழாயின் இருபக்க மூடியும் டேப்பும் சரியாக இருந்ததா, 4 டிகிரி குளிரறையில் வைத்திருந்தார்களா, நின்றவாக்கில் வைத்தார்களா படுத்தவாக்கிலா என்று கேட்டு எழுதி வையுங்கள். பிளாஸ்டிக் குழாயில் பல மாதம் கிடந்தால் மூடி ஓரமாக ஈரம் போய்க்கொண்டே இருக்கும். குழாய் முனையை ஒட்டிய மாதிரிகளில் மட்டும் நீரளவு குறைவாக வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்படுவேன்.

மணல் அடுக்கு இருந்தால் தனி எச்சரிக்கை. களிமண் தண்ணீரைப் பிடித்து வைக்கும், மணல் பிடிக்காது. குழாயைப் பிளந்து மேசையில் வைத்த சில நிமிடங்களிலேயே மணலில் இருக்கும் தண்ணீர் கீழே வடிந்து தட்டில் நிற்கும். அந்த மணலை எடுத்து அளந்தால் கிடைக்கும் நீரளவு கடலடியில் இருந்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும். மணலுக்கு நான் ஓவன் எண்ணை நம்புவதைவிட, குழாயைப் பிளப்பதற்கு முன் காமாக் கதிர் கருவியில் எடுத்த அடர்த்தியை நம்புவேன். சீசியம்-137 மூலத்திலிருந்து வரும் கதிர் கோரைக் கடக்கும்போது எவ்வளவு குறைகிறது என்று பார்த்து ஈர அடர்த்தியைச் சொல்லும் கருவி அது, உங்கள் ஆய்வகத்திலும், கோரைப் பிளக்காமலே பல அளவுகளை எடுக்கும் மல்டிசென்சர் லாகர் இருந்தால் அதில் இது இருக்கும். ஒன்று மட்டும் கவனம்: தண்ணீரில் ஹைட்ரஜன் இருப்பதால் அதே எடைக்குத் தண்ணீர் பாறைத்துகளைவிட ஒரு பத்துச் சதவீதம் கூடுதலாகக் கதிரைத் தடுக்கும். எனவே வெறும் அலுமினியத் தகடு வைத்து அளவுதிருத்தம் செய்யாமல், அலுமினியமும் தண்ணீரும் சேர்ந்த குழாய் வைத்துச் செய்ய வேண்டும்.

படிவு_மாணவி:

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, மிக்க நன்றி. உப்புத் திருத்தம் புரிந்துவிட்டது. பயனுறு அழுத்தத்தைப் பாடத்தில் படித்திருக்கிறேன், ஆனால் 15-க்கும் 30,000-க்கும் என்று பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். கோர் முழுக்கக் கீழே போகப் போக நீரளவு குறைந்துகொண்டே வந்து 2 மீட்டரில் 110-க்குப் பக்கம் நிற்கிறது. ஆனால் 2.4 மீட்டரில் ஒரு கையகல அடுக்கில் திடீரென்று 230-ஐத் தாண்டிவிட்டது (ஈர எடை 20.00, உலர் எடை 6.50, உப்புத் திருத்தம் செய்த பிறகு 233). அதற்குக் கீழே மறுபடி 105. அந்த அடுக்கு கொஞ்சம் வெளிர் நிறம், காய்ந்த பிறகு மிக லேசாக இருந்தது, விரலில் தேய்த்தால் மாவு மாதிரி உதிர்ந்தது. பிக்னோமீட்டரில் துகள் அடர்த்தி 2.35. எடை போட்டதில் பிழையோ என்று பக்கத்திலேயே இன்னொரு மாதிரி எடுத்தும் பார்த்தேன், அதேதான். கோர் எடுக்கும்போது தண்ணீர் புகுந்திருக்குமா? வாயு விரிந்து துளை உண்டாகியிருக்குமா?

நுண்ணோக்கி:

தண்ணீரும் இல்லை, வாயுவும் இல்லை என்று உங்கள் எண்களே சொல்கின்றன.

வாயுவை முதலில் ஒதுக்கலாம். வாயு விரிந்து கோரில் விரிசலோ குமிழோ உண்டானால் காமாக் கருவியில் அடர்த்தி குறையும், ஆனால் ஓவன் நீரளவு உயராது, ஏனென்றால் நீரளவு எடைக்கு எடை, காலி இடம் அதில் நுழைவதே இல்லை. உங்களுக்கு உயர்ந்திருப்பது எடை விகிதமே. வெளித்தண்ணீர் புகுந்திருந்தால் அடுக்கு கலங்கியிருக்கும், எல்லைகள் குழம்பியிருக்கும், துகள் அடர்த்தி மட்டும் அக்கம்பக்கத்தைப் போலவே 2.7-இல் இருந்திருக்கும். 2.35 என்பதுதான் துப்பு.

குவார்ட்ஸ் 2.65, கால்சைட் 2.71, களிமண் தாதுக்களும் அதை ஒட்டித்தான். இவற்றைக் கலந்து எப்படிப் பார்த்தாலும் 2.35 வராது. அவ்வளவு கீழே இழுக்கக்கூடியது ஓபல், அதாவது டயட்டம் என்ற நுண்பாசிகளின் சிலிகா ஓடு, அதன் அடர்த்தி 2.0 முதல் 2.2 வரை. எரிமலைக் கண்ணாடிச் சாம்பலும் கொஞ்சம் குறைவானதுதான், ஆனால் அது பெரும்பாலும் 2.3-க்கு மேலேயே நிற்கும், தொட்டால் நறநறக்கும். வெளிர் நிறம், லேசு, மாவாக உதிர்வது என்றெல்லாம் சொல்கிறீர்களே, என் பந்தயம் டயட்டம் மேல்.

டயட்டம் ஓடு உள்ளே காலி. ஓட்டுச் சுவரிலும் வரிசை வரிசையாக நுண்துளைகள். களிமண்ணில் தண்ணீர் துகள்களுக்கு இடையில்தான் இருக்கும், டயட்டம் படிவில் துகள்களுக்கு உள்ளேயும் இருக்கும். மேலே சுமை ஏறினால் இடையில் இருக்கும் தண்ணீர் வெளியேறும், ஓட்டுக்குள் இருக்கும் தண்ணீர் ஓடு உடைந்தால்தான் வெளியேறும். அதனால்தான் டயட்டம் அடுக்குகள் ஆழத்திலும் 80 சதவீதத்துக்கு மேல் துளைமையை விடாமல் வைத்திருக்கின்றன. உங்கள் மாதிரிக்குப் போட்டுப் பார்த்தேன், துளைமை 84, ஈர அடர்த்தி 1.23. டயட்டம் சேற்றுக்குப் பொருத்தமான எண்கள். ஃபோராமினிஃபெரா (கால்சைட் ஓடுள்ள நுண்ணுயிர்கள்) நிறைந்த அடுக்கிலும் ஓட்டுக்குள் தண்ணீர் உண்டு, ஆனால் அங்கே துகள் அடர்த்தி கால்சைட்டின் 2.71-ஐ விட்டு நகராது. இரண்டையும் பிரிக்க இதுவே போதும்.

ஒரு ஸ்மியர் ஸ்லைடு செய்து பாருங்கள். பல்குச்சி நுனியில் ஒரு துளி சேறு, ஒரு சொட்டு வடிநீர், கண்ணாடியில் மெல்லிசாகப் பரப்பி, காய்ந்ததும் பிசின் விட்டு மூடி, 400 மடங்கில் பார்த்தால் போதும். வட்டமும் ஊசியுமாகக் கண்ணை நிறைக்கும்.

அந்த 233-ஐப் பிழை என்று நினைத்து நீக்கிவிடாதீர்கள், தயவுசெய்து. அந்த அடுக்கு படிந்த காலத்தில் மேலே கடலில் டயட்டம்கள் செழித்திருந்ததற்கோ, களிமண் வரத்து குறைந்திருந்ததற்கோ அது சாட்சி. அந்த ஒரு எண்ணே ஆய்வின் சுவையான பக்கமாக ஆகலாம்.

ஒலியலை:

ஒலிவேகக் கேள்வி பதில் இல்லாமல் நிற்கிறது, நான் எடுத்துக்கொள்கிறேன். கருவி நன்றாகத்தான் இருக்கிறது.

ஒலிவேகம் என்பது விறைப்பை அடர்த்தியால் வகுத்து வர்க்கமூலம் எடுப்பது. தண்ணீரில் துகள்களைக் கலந்தால் இரண்டுமே கூடும், எது வேகமாகக் கூடுகிறது என்பதுதான் கேள்வி. துளைமை 78 என்றால் அடர்த்தி 1.02-இலிருந்து 1.39-க்குப் போகிறது, அதாவது 36 சதவீதம் ஏற்றம். விறைப்போ அவ்வளவு ஏறாது, ஏனென்றால் துகள்கள் ஒன்றையொன்று சரியாகத் தாங்காமல் தண்ணீரில் மிதந்த மாதிரி இருக்கின்றன, அமுங்குவதெல்லாம் தண்ணீர்தான். தண்ணீருக்கு 2.3 கிகாபாஸ்கல், துகளுக்கு 37 என்று எடுத்து உட் (Wood) என்பவரின் கலவைச் சமன்பாட்டில் போட்டால் கலவைக்கு 2.9, ஏற்றம் 26 சதவீதம். அடர்த்தி ஜெயித்துவிட்டது, வேகம் சுமார் 1440-க்கு இறங்குகிறது. நிஜத்தில் அவ்வளவு இறங்காது, துகள்களுக்கு இடையே கொஞ்சம் பிடிப்பு இருப்பதால் தண்ணீரைவிட 1 முதல் 3 சதவீதம் குறைவாக நிற்கும். உங்கள் 1498-ஐ 1529-ஆல் வகுத்தால் 0.98. பாடப்புத்தகத்தில் போடலாம் போல இருக்கிறது.

அட்டவணையில் அந்த 0.98-ஐயும் சேர்த்துக் கொடுங்கள். ஆய்வக அறை 23 டிகிரியில் இருக்கும், கடலடி 2, 3 டிகிரியில் 300 வளிமண்டல அழுத்தத்தில் இருக்கும், ஆய்வக வேகத்தை அப்படியே எடுத்துக் கடலடிக்குப் பொருத்த முடியாது. ஆனால் சேற்றுக்கும் அதே நிலையில் உள்ள கடல்நீருக்கும் இடையிலான விகிதம் பெரிதாக மாறாது என்று கடலடி ஒலியியல் ஆய்வாளர் எட்வின் ஹாமில்டன் காட்டியிருக்கிறார். அந்த இடத்தின் அடிநீரில் ஒலிவேகம் தெரிந்தால் விகிதத்தால் பெருக்கினால் போதும். சோனார் வேலை செய்பவர்களுக்கு இந்த விகிதம் உயிர்நாடி, 1-க்குக் கீழே இருக்கும் கடலடியும் 1-க்கு மேலே இருக்கும் கடலடியும் ஒலியைத் திருப்பி அனுப்பும் விதமே வேறு.

களிமண்_பொறியாளர்:

வெட்டு வலிமை பற்றி யாரும் பேசவில்லை. வேன் ஷியர் (இறகுத் தகட்டைச் சேற்றில் செருகிச் சுழற்றி வலிமை பார்ப்பது) செய்திருக்கிறீர்களா? அடியில் பயனுறு அழுத்தம் 15 கிலோபாஸ்கல் என்றால், சாதாரணமாக இறுகிய களிமண்ணில் வடிகாலற்ற வலிமை (தண்ணீர் வெளியேற நேரம் இல்லாதபோது உள்ள வலிமை) அதில் நாலில் ஒரு பங்கு சுற்றுவட்டாரத்தில் இருக்கும், அதாவது 3 அல்லது 4 கிலோபாஸ்கல். அதைவிட ரொம்பக் குறைவாக வந்தால் மாதிரி குலைந்திருக்கிறது, அல்லது படிவு இன்னும் தண்ணீரை வெளியேற்றி முடிக்கவில்லை. ரொம்ப அதிகமாக வந்தால் மேலே இருந்த படிவு எப்போதோ சரிந்து போயிருக்கலாம்.

கூடவே அட்டர்பெர்க் எல்லைகளும் (களிமண் எந்த நீரளவில் குழைவாகிறது, எந்த நீரளவில் ஓடத் தொடங்குகிறது என்பவை; ஓடத் தொடங்கும் அளவுதான் நீர்ம எல்லை) எடுங்கள். நீரளவைத் தனியாகப் பார்ப்பதைவிட நீர்ம எல்லையோடு வைத்துப் பார்த்தால்தான் சேறு எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியும். கடலடியின் மேல் பகுதியில் இயற்கை நீரளவு நீர்ம எல்லையைவிட அதிகமாக இருப்பது சகஜம். அசையாமல் இருக்கும் வரை துகள் அமைப்பு தாங்கி நிற்கும், குலைத்துவிட்டால் ஓட ஆரம்பித்துவிடும். ஒரே இடத்தில் குலைக்காமல் ஒரு முறை, வேனை நன்றாகச் சுழற்றிக் குலைத்த பிறகு ஒரு முறை வலிமை எடுத்தால் எத்தனை மடங்கு விழுகிறது என்று தெரியும்.

இது ஆய்வகத்தோடு முடிகிற விஷயம் இல்லை. 1929 நவம்பர் 18 அன்று கனடாவின் கிழக்குக் கரைக்கு அப்பால் உள்ள கிராண்ட் பேங்க்ஸ் பகுதியில் 7.2 அளவு நிலநடுக்கம் வந்தபோது கண்டச்சரிவின் படிவு சரிந்து, தண்ணீரோடு கலந்து, கலங்கல் ஓட்டமாக மாறி ஓடியது. அட்லாண்டிக்கின் அடியில் கிடந்த 12 தந்திக் கம்பிகள் அறுந்தன, மேட்டில் இருந்தவை முதலில், பள்ளத்தில் இருந்தவை மணிக்கணக்கில் கழித்து ஒவ்வொன்றாக. சரிவு கிளப்பிய ஆழிப்பேரலையில் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் உயிர்கள் போயின. இன்றைக்கு இணையக் கம்பி போடுகிறவர்களும் காற்றாலைக்கு அடித்தளம் போடுகிறவர்களும் முதலில் கேட்பது நீங்கள் தயாரிக்கிற இதே அட்டவணையைத்தான்.

டயட்டம் அடுக்கில் வேன் எண்ணைத் தனியாகக் குறித்து வையுங்கள். நீரளவு இரண்டு மடங்கு என்பதால் வலிமை பாதியாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஓடுகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு நிற்பதால் களிமண்ணின் கணக்கு அங்கே எடுபடாது.

படிவு_மாணவி:

ஸ்மியர் ஸ்லைடு பார்த்துவிட்டேன். பார்வைப் புலம் முழுக்க டயட்டம், இடையில் கொஞ்சம் களிமண். @நுண்ணோக்கி, நீங்கள் சொன்ன வட்டங்களும் ஊசிகளும் அப்படியே இருந்தன, பேராசிரியரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்த அடுக்கில் வேன் எண் மேலும் கீழும் உள்ள களிமண்ணைவிடக் குறைவாக வரவில்லை, கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது.

கடைசியாக ஒன்று. கீழ்ப் பகுதியில் ஸ்மெக்டைட் என்ற களிமண் தாது அதிகம் என்று எக்ஸ்ரே முடிவு வந்திருக்கிறது. இது நீரளவைப் பாதிக்குமா?

ஈரமண்:

பாதிக்கும். ஸ்மெக்டைட்டின் படலங்களுக்கு இடையிலேயே தண்ணீர் இருக்கிறது, அது துளைநீர் இல்லை, தாதுவின் ஒரு பகுதி. 105 டிகிரி ஓவன் அதில் பெரும்பகுதியையும் சேர்த்து விரட்டிவிடும், அதனால் துளைமை உண்மையைவிடக் கூடுதலாக வரும். 4 மீட்டர் கோரில் தண்ணீரே இவ்வளவு இருக்கும்போது இதன் பங்கு சிறியது, ஆழ்துளைக் கோர்களில் துளைமை 40-க்குக் கீழே போன பிறகு இது பெரிய தலைவலி. உங்கள் அட்டவணைக்கு அடியில் ஒரு குறிப்பு போதும்: உலர் அடிப்படை, 105 டிகிரி, 24 மணி நேரம், உப்புத் திருத்தம் 3.5 சதவீதத்துக்கு, படல இடைநீருக்குத் திருத்தம் செய்யவில்லை. ஓவனிலிருந்து எடுத்ததும் டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலம்) ஆற வைத்துத்தான் எடை போட வேண்டும், ஸ்மெக்டைட் அறைக் காற்றிலிருந்தே ஈரத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும், தராசில் எண் ஏறிக்கொண்டே போவதை நீங்களே பார்க்கலாம்.